மீன் தொட்டிக் கழிவுநீரும் நுண்பாசியும்: தொட்டி கட்டும் முன் தெரிய வேண்டியவை (நன்னீர்ப்பண்ணை, கசடுவடி, உவர்நீர் என்ற பெயர்களில் மூவர் எழுதியது)

நன்னீர்ப்பண்ணை
மீன் கழிவுநீரில் உள்ள நைட்ரஜனை உறிஞ்சிச் சுத்தப்படுத்தும் பாசித் தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதைத் தண்ணீரின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். தீவனத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். 32 சதவீதப் புரதமுள்ள தீவனம் ஒரு கிலோவில் சுமார் 51 கிராம் நைட்ரஜன் இருக்கும். மீன் உடம்பில் தங்குவது அதில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. மீதியில் கசடாகப் போவது போகத் தண்ணீரில் கரைவது ஏறக்குறைய 30 கிராம். உலர்ந்த பாசியில் நைட்ரஜன் 7 சதவீதம் என்று வைத்தால், இதை உறிஞ்ச 430 கிராம் பாசி வளர்ந்தாக வேண்டும். துடுப்புச் சக்கரம் சுற்றும் திறந்த தொட்டியில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 12 கிராம் விளைந்தால், தினமும் போடும் ஒவ்வொரு கிலோ தீவனத்துக்கும் 36 சதுர மீட்டர் தேவை. அவ்வளவு இடம் இல்லையா? கழிவில் ஒரு பங்கை மட்டும் பாசிக்கு அனுப்புங்கள். சின்னத் தொட்டியில் முழுக் கழிவையும் திணித்தால் பாசி வளரும் முன்பே தண்ணீரோடு அடித்துக்கொண்டு போய்விடும்.

கசடுவடி
மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் கசடை முதலில் பிரிக்காவிட்டால் அது பலிக்காது. படிவுத் தொட்டி அல்லது 60 முதல் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளையுள்ள வலை, ஏதாவது ஒன்று கட்டாயம். கசடு வெளிச்சத்தை மறைக்கும். அடியில் அழுகி மறுபடி அமோனியாவை விடும். ஆழம் 20-30 செ.மீ. போதும், அதற்கு மேல் போனால் அடியில் இருட்டுதான். பாசி வகை என்றால் நன்னீருக்குக் குளோரெல்லா, செனடெஸ்மஸ். உவர்நீருக்கு டெட்ராசெல்மிஸ், நானோகுளோராப்சிஸ். விதைப் பாசியைத் தொட்டிக் கொள்ளளவில் 10-20 சதவீதம் ஊற்றித் தொடங்குங்கள். மீனுக்கு மருந்து போட்ட தண்ணீர், குறிப்பாகக் காப்பர் சல்பேட், பாசித் தொட்டிப் பக்கமே வரக் கூடாது. அதற்குத் தனி வடிகுழாய் வையுங்கள்.

உவர்நீர்
பலரும் ஏமாறும் இடம் பிஹெச், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு. பாசி கார்பனை இழுக்க இழுக்க மதியத்தில் பிஹெச் 9-ஐத் தாண்டும். 25 டிகிரி வெப்பத்தில், பிஹெச் 8-ல் மொத்த அமோனியாவில் 5 சதவீதம்தான் மீனுக்கு நஞ்சான வடிவில் இருக்கும்; பிஹெச் 9-ல் 36 சதவீதம். அந்த நேரத்தில் தண்ணீரை மீன் தொட்டிக்குத் திருப்பினால் மீன் செத்து மிதக்கும். கார்பன் டை ஆக்சைடு விட்டு பிஹெச்சை 7.5-8-க்குள் வைத்திருங்கள்.

இன்னொன்று. பிஹெச் ஏறும்போது அமோனியா காற்றில் பறக்கும், பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து படியும். பரிசோதனையில் இரண்டுமே குறைந்து தெரியும். பாசிதான் உறிஞ்சியது என்று தவறாக நினைத்துவிடுவோம். சந்தேகம் இருந்தால், வடிகட்டாத மாதிரியில் பாதியை அப்படியே வடிகட்டி அளந்துகொள்ளுங்கள். மறுபாதியில் கொஞ்சம் அமிலம் விட்டு பிஹெச்சை 5-க்கு இறக்கி, சற்றுப் பொறுத்து, வடிகட்டி அளவிடுங்கள். இரண்டாவதில் பாஸ்பேட் கூடுதலாகக் காட்டினால், அது படிந்து கிடந்தது என்று பொருள்.

நன்னீர்ப்பண்ணை
அருமையாகச் சொன்னீர்கள். பச்சைத் தண்ணீர் இரண்டு மூன்று நாளில் வெளிறினால் முதலில் பாசியைத் தின்னும் நுண்ணிய விலங்கான ரோட்டிஃபரைத் தேடுங்கள். கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நகரும் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். வளர்ப்பது குளோரெல்லாவாக இருந்தால், ரோட்டிஃபரைக் கொல்ல பிஹெச்சை 3-க்கு இறக்கி ஒரு மணி நேரம் விட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். முதலில் ஒரு வாளியில் செய்து பாருங்கள்.

கசடுவடி
அறுவடையை மறக்கிறவர்கள்தான் அதிகம். வெளியே எடுக்காத பாசி செத்து, பிடித்த நைட்ரஜனைத் திரும்ப விட்டுவிடும். குளோரெல்லா செல் சில மைக்ரான்தான், தானாக எளிதில் படியாது. நன்னீரில் கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்) பாசியை நன்றாகத் திரட்டும். உப்புத் தண்ணீரில் அவ்வளவாகப் பலன் தராது. பாசியைத் தீவனமாக்கும் எண்ணம் இருந்தால் படிகாரம் வேண்டாம், அலுமினியம் அதிலேயே தங்கும். திரட்டுவதைக் காலையில் செய்யுங்கள். நண்பகலில் ஆக்சிஜன் குமிழ்கள் ஒட்டி, திரண்ட பாசி கீழே படியாமல் மேலே மிதக்கும்.