தெரிந்த பகுதியைத் திறந்த மனதோடு படிப்பது எப்படி?

திராட்சைக்கொடி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் சிலர் சேர்ந்து வாராவாரம் வேதாகமத்தில் யோபு புத்தகம் படிக்கிறோம் (நீதிமானாயிருந்தும் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, தேற்ற வந்த சிநேகிதர்களாலேயே குற்றஞ்சாட்டப்பட்டவர் யோபு). புதிதாக வந்த ஒரு சகோதரி, "யோபின் சிநேகிதர்கள் பேசுவதில் பாதி நீதிமொழிகளில் வருவது போலத்தானே இருக்கிறது, அப்புறம் தேவன் ஏன் அவர்கள்மேல் கோபப்பட்டார்?" என்று கேட்டார். படிப்பை நடத்துகிற மூத்தவர் "அவர்கள் பொய்யர்கள், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விட்டார். நல்ல கேள்வியை இப்படி மூடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே சமயம் காதில் விழுகிற ஒவ்வொரு புது விளக்கத்தின் பின்னாலும் ஓடவும் விருப்பமில்லை. விசுவாசத்தில் உறுதியாக நின்றுகொண்டே புதிதாகக் கற்றுக்கொள்வது எப்படி?

ஒலிவமரம்:
அந்தச் சகோதரியின் கேள்வி அருமையானது, விடாதீர்கள். மூத்தவர் சொன்னதற்கும் ஆதாரம் உண்டு, 13:4ல் யோபுவே அவர்களைப் பொய்யைப் பிணைக்கிறவர்கள் என்கிறார். ஆனால் அதோடு முடியவில்லை. அந்தச் சிநேகிதர்களில் ஒருவனான எலிப்பாஸ் 5:13ல் சொன்னதைப் பவுல் 1 கொரிந்தியர் 3:19ல் வேதவாக்கியமாகவே எடுத்துக் காட்டுகிறார், முழுக்கப் பொய் என்றால் அப்படிச் செய்திருப்பாரா? இன்னொன்று, "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற 8:7ஐ நம்மில் எத்தனையோ பேர் வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அதைச் சொன்னவன் இன்னொரு சிநேகிதனான பில்தாத். பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனிடம், உம்முடைய பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் அப்படி ஆனது என்கிற அர்த்தத்தில் மூன்று வசனங்களுக்கு முன்னால் பேசியவனும் அவனேதான். அந்த வசனத்தால் ஆறுதல் அடைந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனாலும் யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னது என்று பார்க்காமல் படித்தால் பில்தாத்தைப் போலவே நாமும் சரியான வார்த்தையைத் தவறான மனுஷன்மேல் வைத்துவிடுவோம். அவர்களுக்குத் தேவனைப் பற்றி நிறையத் தெரிந்திருந்தது, ஆனால் யோபுவுக்கு என்ன நடக்கிறது என்பதும் தங்களுக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். 42:7ல் வருகிற கோபத்தை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

விளக்குத்தண்டு:
ஒலிவமரம் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். புதிது என்பதற்காகவே ஒரு விளக்கத்தைக் கொண்டாடுவதும் பெருமைதான், மற்றவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது என்கிற ருசி அதில் இருக்கிறது. அப்போஸ்தலர் 17:11ல் பெரோயா பட்டணத்தார் வசனத்தை ஆவலோடு ஏற்றுக்கொண்டார்கள், அதே ஆட்கள்தான் அது அப்படித்தானா என்று தினமும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தும் பார்த்தார்கள். போதித்தது பவுலாக இருந்தும் சோதித்தார்கள், அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்றே எழுதியிருக்கிறது. உங்கள் குழுவில் யார் எதைச் சொன்னாலும், நீங்களே சொன்னாலும், "எந்த வசனத்திலிருந்து சொல்கிறோம்?" என்று கேட்கிற பழக்கம் வந்தால் போதும், ஓட வேண்டியிருக்காது.

அத்திமரம்:
அப்பொல்லோவையும் பாருங்கள் (அப்போஸ்தலர் 18). வேதாகமங்களில் வல்லவர், பேச்சில் சாதுரியமானவர், ஆனால் யோவானின் ஸ்நானத்தை மட்டும் அறிந்திருந்தார். கூடாரத்தொழில் செய்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைச் சேர்த்துக்கொண்டு இன்னும் தெளிவாக விளக்கினார்கள். ஜெப ஆலயத்தில் எல்லார் முன்னாலும் அவரைத் திருத்தினார்கள் என்று எழுதியிருக்கவில்லை. உங்கள் மூத்தவரிடமும் தனியாகப் பேசிப் பாருங்களேன்.

திராட்சைக்கொடி:
மிக்க நன்றி. 8ஆம் அதிகாரத்தை இப்போதுதான் முழுசாகத் திரும்பப் படித்தேன், 4ஆம் வசனம் உண்மையிலேயே குத்துகிறது. மூத்தவரிடம் 5:13ஐயும் கொரிந்தியரையும் வைத்துப் பேசுகிறேன், அந்தச் சகோதரியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன், கேள்வி அவருடையதுதானே. சரி, இன்னொன்று: 32ஆம் அதிகாரத்திலிருந்து 37 வரை, சிநேகிதர்களுக்குப் பிறகு பேச வருகிற வாலிபன் எலிகூ இவ்வளவு பேசுகிறான், 42ல் தேவன் அவனைப் பற்றி எதுவுமே சொல்லவில்லையே, அதை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?