வாசிகசாலையின் ஏழு கணினிகளும் லினக்ஸும்

குளக்கட்டு எழுதியது:

விசுவமடுப் பக்கத்தில் எங்கள் சனசமூக நிலையத்தின் வாசிகசாலையில் ஏழு மேசைக்கணினிகள் இருக்கின்றன. புலம்பெயர்ந்த ஊரவர்கள் அனுப்பிய பணத்தில், கொழும்பில் பாவித்த பொருட்களாகப் பார்த்து வாங்கப்பட்டவை. நான்காம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், சுழலும் வன்றட்டு. அவற்றில் ஓடுவது விண்டோஸ் 10. அது உரிமம் வாங்கி நிறுவப்பட்டதல்ல என்பதை இங்கே ஒளிக்க வேண்டியதில்லை. மைக்ரோசொப்ட் நிறுவனம் அதற்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இற்குப் போகலாமென்றால், அது டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியையும் கேட்கிறது. எங்கள் ஏழில் ஒன்றுகூடத் தேறாது. 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல் ஏறிய பிறகு, புதிய கணினி வாங்குவது பற்றி நிர்வாகசபையில் வாய் திறக்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.

ஆகவே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸைப் போடலாம் என்று நினைத்தேன். அது இலவசமான, மூலநிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய திறந்த மூல இயங்குதளம். அதன் வழங்கல்களில் ஒன்றான லினக்ஸ் மின்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஈ பதிப்பை ஏழிலும் நிறுவலாம் என்று முன்மொழிந்திருக்கிறேன். அதற்கு 4 ஜிபி ரேம் போதும். 22 ஆம் பதிப்புக்கு 2029 வரை இற்றைப்படுத்தல் கிடைக்கும். அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்பதற்கு முன், எதிர்ப்பவர்களும் தங்கள் காரணங்களை எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கொமியூனிகேசன்காரன் எழுதியது:

தம்பி, எதிர்ப்பவன் நான்தான். புதுக்குடியிருப்பில் பத்து வருடமாகக் கொமியூனிகேசன் கடை நடத்துகிறேன். போட்டோக்கொப்பி, கடிதம் அடித்தல், விண்ணப்பம் நிரப்புதல், கல்யாண அழைப்பு, மரண அறிவித்தல் எல்லாம் என் கடையில் நடக்கும். சென்ற வருடம் என் மருமகன் ஆசையோடு ஒரு கணினியில் லினக்ஸைப் போட்டு, வேர்டுக்குப் பதிலாக லிப்ரேஒபிஸையும் தந்துவிட்டு யாழ்ப்பாணம் போய்விட்டான். அன்றிரவே ஒரு செத்தவீட்டுக்காரர் வந்தார். நான் வழமைபோலப் பாமினி எழுத்துருவில் அடித்து, ஐம்பது பிரதி எடுத்த பிறகுதான் தலைப்பைப் பார்த்தேன். "மரண அறிவித்தல்" என்று அடித்தது "முரண அறிவித்தல்" என்று நின்றது. திருத்தினால் திரும்பவும் "முரண". விடியப் பந்தல் போட வேண்டிய மனிதர் வாசலில் நின்றுகொண்டிருக்க, நான் பழைய மடிக்கணினியைத் தேடி எடுத்து, தூசு தட்டி, வேர்டில் மறுபடியும் முழுவதையும் அடித்தேன். அந்த ஐம்பது தாளின் காசை நான் கேட்கவில்லை.

இன்னொன்று. உங்கள் வாசிகசாலைக்கு வரும் பிள்ளைகள் நாளைக்கு வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள். எம்.எஸ். ஒபிஸ் தெரியுமா என்றுதான் கேட்பார்கள், லினக்ஸ் தெரியுமா என்று இந்தப் பக்கத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

அறிவியல்நகர் மாணவி எழுதியது:

அண்ணா, அந்த "முரண"வுக்கு லினக்ஸ் காரணமில்லை. பாமினி உண்மையில் தமிழ் எழுத்துக் குறியீடே அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கும் ஓர் எழுத்துரு. அதில் ஆங்கிலச் சிறிய "கே" நமக்கு "ம" ஆகத் தெரிகிறது, பெரிய "கே" "மு" ஆகத் தெரிகிறது. நீங்கள் அடிப்பது ஆங்கிலம் என்று லிப்ரேஒபிஸ் நம்பி, வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றியிருக்கிறது. "கடிதம்" என்று தொடங்கியிருந்தால் "குடிதம்" ஆகியிருக்கும். வேர்டும் இதையேதான் செய்யும். உங்கள் வேர்டில் அந்தத் தன்னியக்கத் திருத்தத்தை எப்போதோ ஒருவர் அணைத்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். லிப்ரேஒபிஸிலும் ஒரேயொரு சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும்.

இதைவிடப் பெரிய நட்டம் பாமினியிலேயே தங்கிவிடுவதுதான். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒருங்குறியில் (யூனிகோட்) அடித்த கடிதத்தைத் தேடலாம், தொலைபேசியில் வாசிக்கலாம், மின்னஞ்சலில் அப்படியே ஒட்டலாம். பாமினிக் கோப்பை அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ஆங்கிலக் குப்பைதான் மிஞ்சும். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தை எண்ணிப் பாருங்கள். விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி என்ற திறந்த மூல மென்பொருளில்தான், நமது பழைய இதழ்களும் நூல்களும் அங்கே வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. தட்டச்சுப் பழகிய கைகளுக்கு ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பும் லினக்ஸின் உள்ளீட்டு முறைகளில் கிடைக்கிறது.

வேலை பற்றிச் சொன்னீர்கள். உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் பிள்ளைகள் பைதன் படிக்கிறார்கள். பைதன் திறந்த மூலம்தான்.

கொமியூனிகேசன்காரன் எழுதியது:

தங்கச்சி, விளக்கம் மிகத் தெளிவு, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சரி அடையாளம் எங்கே இருக்கிறதென்று தெரிந்தவர் அன்றிரவு என் கடையில் இருக்கவில்லை. என் முறைப்பாடு முழுவதும் அவ்வளவுதான்.

ஏ9 பயணி எழுதியது:

மாங்குளத்தில் பிறந்து கொழும்பில் மென்பொருள் வேலை செய்பவன் என்ற முறையில் இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது, கணினிகள் மந்தமாக இருப்பதுதான் உண்மையான குறை என்றால், இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன் அந்தச் சுழலும் வன்றட்டைக் கழற்றிவிட்டு சுழலும் பாகமில்லாத, வேகமான சேமிப்பகமான ஒரு சிறிய எஸ்எஸ்டியைப் பூட்டுங்கள். வேறுபாடு கண்முன்னே தெரியும்.

இரண்டாவது, திறந்த மூலம் என்றாலே பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகாதீர்கள். 2024 மார்ச் 29 அன்று வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரத்தை நினைவுபடுத்துகிறேன். கோப்புகளைச் சுருக்கப் பயன்படும், எத்தனையோ லினக்ஸ் வழங்கல்களில் இருக்கும் அந்தச் சிறிய நிரலை நெடுங்காலம் சுமந்தவர், சோர்ந்துபோன ஒரே தன்னார்வலர். "ஜியா டான்" என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கையைப் பெற்று, பராமரிப்புப் பொறுப்பிலும் பங்கு பெற்று, கடைசியில் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது பிறர் கணினிக்குள் களவாக நுழையும் வழி, வைத்தார். அதைக் கண்டுபிடித்த அன்ட்ரெஸ் ஃபிராயிண்ட் பாதுகாப்பு நிபுணர்கூட அல்ல. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது வழமையைவிட அரைச் செக்கன் கூடுதலாக எடுப்பது ஏன் என்று தோண்டிப் பார்த்தவர். நாம் தப்பியது அந்த அரைச் செக்கனால்.

அறிவியல்நகர் மாணவி எழுதியது:

அவர் தோண்டிப் பார்க்க முடிந்ததே மூலநிரல் கையில் இருந்ததால்தானே, அண்ணா? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான இற்றைப்படுத்தலால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலநிறப் பிழைத்திரையோடு முடங்கின. அதை முன்கூட்டிப் பார்ப்பதற்கு வெளியில் இருந்த ஒருவருக்கும் வழி இருக்கவில்லை.

ஏ9 பயணி எழுதியது:

ஒப்பீடு பொருந்தாது. ஒன்று திட்டமிட்ட சதி, மற்றது கவனக்குறைவு. தவிரவும், பின்கதவு முழுமையாக மூலநிரலில் இருக்கவில்லை. வெளியீட்டுப் பொதியிலும் சோதனைக் கோப்புகள் போலத் தோன்றியவற்றிலும் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. என் கேள்வி வேறு. ஒரே மனிதரின் தோளில் எத்தனை பேருடைய பாரம் கிடக்கிறது என்பதுதான் அதிலிருந்து எனக்கு நினைவில் நின்ற செய்தி. கடைக்கார அண்ணை சொன்ன மருமகனும் அதே கதைதான்.

பாலைமரம் எழுதியது:

இடையில் ஒரு சொல். நாங்கள் எப்போதும் வாங்கிப் பாவிப்பவர்கள் மட்டுமே என்பதுபோல எல்லோரும் எழுதுகிறீர்கள். 2004 இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவையும் வாரிக்கொண்டு போனபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்வதற்காக இந்த நாட்டுத் தன்னார்வலர்கள் எழுதியதுதான் சஹானா என்ற திறந்த மூல மென்பொருள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலனுக்கான விருது 2006 ஆம் ஆண்டுக்கு அதற்குத்தான் கிடைத்தது. பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் அது பயன்பட்டது. விவாதத்தைத் தொடருங்கள்.

கொமியூனிகேசன்காரன் எழுதியது:

நல்ல செய்தி, ஐயா. நான் குளக்கட்டுத் தம்பியிடம் நேரடியாகக் கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. இந்த ஏழு கணினிகளையும் லினக்ஸுக்கு மாற்றிய பிறகு, நீங்கள் எத்தனை வருடம் விசுவமடுவில் இருப்பீர்கள்? விண்டோஸ் பழுதானால் பரந்தனிலும் கிளிநொச்சியிலும் திருத்துவதற்குப் பத்துக் கடை இருக்கிறது. கள்ளப் பிரதிதான், வைரஸும் வரும்தான், ஆனாலும் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாவோடு அன்றைக்கே கையில் கிடைக்கும். லினக்ஸ் பழுதானால் உங்களைத்தானே தேட வேண்டும்?

குளக்கட்டு எழுதியது:

கோபம் இல்லை, அண்ணை. கேள்வி நெஞ்சில் தைத்தது என்பதை மறைக்கவில்லை. கனடாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், வந்தால் போய்விடுவேன். இதை முன்மொழிவில் எழுதாமல் விட்டது என் தவறு.

ஆனால் கள்ளப் பிரதியைப் பத்துக் கடையில் திருத்தலாம் என்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர்கள் திருத்துவதில்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவித் தருகிறார்கள். சென்ற மாதம் அப்படித்தான் சாதாரணதரப் பிள்ளைகள் செய்து வைத்திருந்த செயற்றிட்டங்கள் ஒரு கணினியிலிருந்து முழுமையாகப் போயின.

எனவே முன்மொழிவைத் திருத்துகிறேன். மூன்று கணினிகளுக்கு மட்டும் இப்போது லினக்ஸ். சுமார் 3 ஜிபி நிறுவற் கோப்பை நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் இரவுநேர டேட்டாவில் இறக்கி வைத்துவிட்டேன். நிறுவுவது நானல்ல, உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் இரண்டு மாணவிகள் பென்டிரைவிலிருந்து தாங்களே நிறுவி, அழித்து, மறுபடி நிறுவிப் பழகுவார்கள். ஒரு கணினி அச்சுப்பொறியோடும் பாமினியோடும் விண்டோஸிலேயே இருக்கும், இணையம் இணைக்கப்படாமல். மிகுதி மூன்றையும் எஸ்எஸ்டிக்குக் காசு சேரும்வரை தொடப்போவதில்லை.

ஏ9 பயணி எழுதியது:

இணையம் இல்லாத விண்டோஸுக்கு வைரஸ் பென்டிரைவில் வரும். அந்தக் கணினியில் பிறருடைய பென்டிரைவைச் செருகுவதற்கு முன், அதை லினக்ஸ் கணினியில் திறந்து பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். ஒரு எஸ்எஸ்டிக்கான காசை நான் தருகிறேன்.

கொமியூனிகேசன்காரன் எழுதியது:

மூன்று என்றால் எனக்குச் சம்மதம். ஏழு என்றால் இப்போதும் எதிர்ப்புத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன். என் சிறிய லேசர் அச்சுப்பொறியையும், பத்து வருடப் பாமினிக் கோப்புகள் இருக்கும் பென்டிரைவையும் கொண்டுவருவேன். அந்தப் பிள்ளைகள் இருவரும் லினக்ஸில் அதைப் பூட்டி, ஒரு மரண அறிவித்தலைச் சரியாக அடித்துக் காட்டட்டும். நிபந்தனை ஒன்றுதான்: குளக்கட்டுத் தம்பி அறையில் இருக்கலாம், விசைப்பலகையைத் தொடக்கூடாது.