புதுப்பிப்பு: கொடிமலை ரயில் கேள்வி

மலேசியாவின் பினாங்குக் கொடிமலையில் (Penang Hill) ஏறி இறங்கும் ரயிலை ஒரு மோட்டார் எப்படி இழுக்கிறது என்று அக்கா மகள் கேட்டதைப் போன வாரம் எழுதியிருந்தேன். முழு எடையையும் மோட்டாரே தூக்குகிறது என்று அதில் சொன்னது தவறு; திருத்திக்கொள்கிறேன்.

ஒரே கம்பிவடத்தின் இரு முனையிலும் ஒவ்வொரு பெட்டி. ஒன்று இறங்க, அதன் எடையே மற்றதை ஏற்றுகிறது, கிணற்று இரட்டை வாளி மாதிரி. மோட்டார் சமாளிக்க வேண்டியது எடை வித்தியாசம், உராய்வு, வடத்தின் எடை, இவ்வளவுதான். சாயங்காலம் கீழே வரும் பெட்டி நிறைந்திருந்தால் மோட்டாருக்கு இழுக்கும் வேலையே குறைவு, பிடித்துக்கொள்ளும் வேலைதான் அதிகம்! எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

1923-ல் தொடங்கியபோது நடுவில் இறங்கி மாற வேண்டும். 2011 முதல் ஒரே ஓட்டம். ஒற்றைத் தண்டவாளம் பாதி வழியில் மட்டும் இரண்டாகப் பிரியும். இரு பெட்டிகளும் அங்கேதான் விலகும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.