யூத மியூசியங்கள் மாசச் செலவுக்கு எங்க காசு எடுக்கினம்? எங்கட ஊர் நினைவறைக்காகக் கேக்கிறன்

குளக்கட்டு:

வணக்கம். நான் ஒட்டுசுட்டான் பக்கம். எங்கட வாசிகசாலைக்குப் பின்னால சும்மா கிடந்த அறையைத் துப்பரவாக்கி ஏழெட்டு வருசமா ஊர்ச்சாமான் சேக்கிறம். மரக்கலப்பை, நெல்லளக்கிற கொத்து, காடு வெட்டிக் குடியேறின காலத்துக் காணி பேமிட், யுத்தம் முடிய எங்களை வச்சிருந்த செட்டிகுளம் முகாமில தந்த குடும்பக் காட், பிறகு ஒரு அம்மா கடைசி யுத்தத்தில மாத்தளன் கடற்கரை மட்டும் காவிக்கொண்டு போய்த் திருப்பி ஊருக்கே கொண்டுவந்த சருவச்சட்டி. பள்ளிக்கூடப் பிள்ளையள் வந்தா அந்தச் சட்டிக்கு முன்னாலதான் கனநேரம் நிக்குங்கள்.

பிரச்சினை என்னெண்டா லண்டனில இருக்கிற சித்தப்பா ஒராள் புதுக் கட்டிடம் போடக் காசு தாறன் எண்டு நிக்கிறார், சந்தோசம்தான், ஆனா கரண்ட் பில், கறையான் மருந்து, அறையைத் திறந்து பூட்டுற பிள்ளைக்கு மாசாமாசம் குடுக்கிற காசு, இதுகளுக்கு ஒருத்தரும் தாறதா இல்லை. போன மாரிக்குள்ள முப்பது நாப்பது போட்டோ பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு. அதில ரெண்டு மூண்டு பேருக்கு வேற படமே இல்லை. அண்டைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை.

யூத ஆக்கள் எங்களைப் போல உலகம் முழுக்கச் சிதறினவை, ஊரே இல்லாமப்போன ஊர்களின்ர சாமானையும் வச்சுக் காப்பாத்தினம் எண்டு வாசிச்சிருக்கிறன். அவையின்ர சின்ன மியூசியங்கள் எப்பிடித் தாக்குப் பிடிக்குது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

புதுக்குடியிருப்பான்:

தம்பி, நான் இப்ப மான்செஸ்டர். இங்க சீத்தம் ஹில்லில ஒரு யூத மியூசியம் இருக்கு. 1874ல ஸ்பானிய, போர்த்துக்கீச வழிவந்த யூத ஆக்கள் கட்டின தொழுகைக்கூடம் அது, சனம் மெல்லமெல்ல வேற பக்கம் குடிபெயர்ந்து போக, 1984ல அதை மியூசியம் ஆக்கிச்சினம். பிறகு பெருப்பிச்சு 2021ல திருப்பித் திறந்தவை, கிட்டத்தட்ட 60 லட்சம் பவுண் முடிஞ்சுது, அதில பெரிய பங்கு லொத்தர் காசில நடக்கிற மரபுரிமை நிதியம் குடுத்தது. ஆனா அது கட்டுறதுக்கு வந்த காசு. ஓடுறதுக்கு ரிக்கற், பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு வகுப்பு, சாப்பாட்டுக்கடை, நன்கொடை எண்டு கன வாய்க்காலால தண்ணி வரவேணும்.

லண்டன் கதையையும் சித்தப்பாவுக்குச் சொல்லுங்கோ. அங்க யூத மியூசியம் 1932ல தொடங்கினது. கம்டனில இருந்த கட்டிடத்தைப் பெரிய செலவில விரிச்சு 2010ல திறந்தவை, 2023 யூலையில அதைப் பூட்டிப்போட்டினம், நடத்துற செலவு கட்டுப்படியாகேல்லை. சாமானெல்லாம் களஞ்சியத்துக்குப் போட்டுது. லண்டனிலயே இப்பிடியெண்டா ஒட்டுசுட்டானில யோசிச்சுப் பாருங்கோ. நான் கட்டிடம் வேண்டாம் எண்டு சொல்லேல்ல. சித்தப்பா பத்து அடி குறைச்சுக் கட்டட்டும், மிச்சத்தை மாசச் செலவுக்கெண்டு ஒதுக்கித் தரட்டும். இங்க பதிஞ்ச ஒரு சரிட்டிக்கூடாகத் தந்தாரெண்டா, வரி கட்டுற ஆள் தாற ஒவ்வொரு பவுணுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் மேலால போடும், அதையும் விசாரிக்கச் சொல்லுங்கோ.

கணக்குவழக்கு:

கிளிநொச்சியில இருந்து. அமெரிக்காவில இருக்கிற பெரிய மியூசியங்கள், யூத ஆக்களின்ரயும் சேத்துத்தான், மூலநிதி எண்டு ஒண்டை வச்சு முதலைத் தொடாம வருசத்துக்கு நாலஞ்சு வீதம் மட்டும் எடுத்து நடத்தினம். நல்ல வழிதான். ஆனா எங்கட ரூபாயை நம்பி முழுக்க வைப்பில போட்டிடாதேங்கோ. 2022ல டொலர் 200ல இருந்து 360க்குப் போச்சு, நான் பொருளாளரா இருக்கிற கோயிலில விளக்கெண்ணெய்க்கெண்டு போட்டிருந்த வைப்புக்கு வட்டி வந்துகொண்டுதான் இருந்தது, அந்த வட்டிக்கு எண்ணெய் பாதிதான் வந்தது. அதால வெளியில இருந்து மாசம் 5 பவுண், 10 பவுண் தாற ஆக்கள் ஒரு இருவது பேரையாவது பிடியுங்கோ. ஒருத்தர் விட்டாலும் அறை பூட்டுப்படாது.

கணக்கை மாசாமாசம் வாசிகசாலைப் பலகையில ஒட்டுங்கோ. நான் முந்தி ஒரு அமைப்புக்குக் காசு குடுத்து, ஒரு துண்டுக் கணக்கும் வரேல்ல. பிறகு ஆர் கேட்டாலும் மனம் வருகுதில்லை.

மாங்குளம்சந்தி:

கொச்சியில பரதேசி சினகொக் எண்ட யூதத் தொழுகைக்கூடம் பாத்தனான், 1568ல கட்டினது. அங்க ரிக்கற் காசு வரும், ஏனெண்டா வெள்ளைக்காரர் வரிசையில நிக்கினம். பறவூர், சேந்தமங்கலம் சினகொக்குகளைக் கேரள அரசாங்கம் முசிறி மரபுத் திட்டத்தில திருத்தி மியூசியமா வச்சிருக்கு. கும்பிட்ட சனத்தில முக்கால்வாசி 1950கள்ல இஸ்ரேலுக்குப் போட்டுது. எங்களுக்கு ரிக்கற் சரிவராது, ஊர்ச்சனத்திட்டக் காசு வாங்கினா ஒருத்தரும் உள்ளுக்க வராயினம்.

ரீச்சர் அக்கா:

பிள்ளை, நான் கொஞ்சம் நீட்டாத்தான் எழுதுவன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

யூத ஆக்களிட்ட யார்ட்சைட் எண்டு ஒண்டு இருக்கு. செத்த நாளை அவையின்ர சந்திரமானக் கலண்டர்படி பாத்து, எங்கட திதி மாதிரியே, வருசாவருசம் விளக்குக் கொளுத்துவினம். தொழுகைக்கூடங்களில செத்தவையின்ர பேர்ப்பலகை இருக்கும், ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலயும் ஒரு சின்ன லைற், அந்த நாளுக்கு அதைப் போடுவினம், குடும்பம் ஏதும் நன்கொடை குடுக்கும். ஒருத்தரும் கைநீட்டிக் கேக்கத் தேவையில்லை, நாள் வர காசும் வரும். எங்கட சனமும் வெளிநாட்டில இருந்து திவசத்துக்குப் பிள்ளையள் இல்லத்துக்குச் சாப்பாடு குடுக்குது தானே. அதில ஒரு நாளை உங்கட அறைக்குக் கேளுங்கோ. "அப்பாவின்ர திதியண்டு அறை அவற்ர பேரில திறந்திருக்கும், ஒரு மாசக் கரண்ட் உங்கட" எண்டு.

அவையிட்ட ஊர்ச்சங்கங்களும் இருந்தது, நியூயோர்க்கில, புவனஸ் ஐரிஸில, ரெல் அவிவில, ஒரே ஊராக்கள் சேந்து முதல்ல செத்தவீட்டுச் செலவும் வருத்தக்காரரையும் பாத்தவை, யுத்தத்துக்குப் பிறகு அதே சங்கங்கள்தான் அழிஞ்ச ஊருக்கு நினைவுப் புத்தகம் போட்டது, நூற்றுக்கணக்கில. எங்கட ஊர்ச்சங்கங்கள் கனடாவிலயும் சுவிசிலயும் விளையாட்டுப்போட்டி வைக்குது, கோயிலுக்கு அனுப்புது. அந்தப் பட்டியலில இதையும் சேக்கச் சொல்லுங்கோ.

மாங்குளம்சந்தி:

அக்கா, மன்னிக்கோணும், செத்த ஆக்களின்ர பேரில காசு கேக்கிறது எனக்குச் சரியாப் படேல்ல. நாளே தெரியாத ஆக்கள் எத்தினை பேர் எங்கட பக்கம்.

ரீச்சர் அக்கா:

என்ர தம்பிக்கு எனக்கு நாள் தெரியாது. சித்திரையில ஒரு நாளைப் பிடிச்சுப் படைக்கிறன், பிழையோ சரியோ தெரியாது. யூத ஆக்களுக்கும் இதே பாடு. அவையின்ர தெவெத் மாசம் 10ஆம் நாளை, எப்ப செத்தது எண்டு தெரியாத ஆக்களுக்கெல்லாம் பொது நாளா இஸ்ரேலின்ர தலைமை ரபிமார், அவையின்ர மதகுருமார், வச்சுக் குடுத்தவை. எங்கட ஊரிலயும் அப்பிடி ஒரு நாள் இருந்தா நான் வந்து ஒரு விளக்கு வைப்பன். காசு பெட்டியில போட்டாலும் போடாட்டிலும் அறை திறந்திருக்க வேணும்.

குளக்கட்டு:

அக்கா, இதை வாசிச்சுப்போட்டுக் கொஞ்சநேரம் ஒண்டும் எழுதேலாமப் போச்சு.

ஞாயிறு கூட்டத்தில ரெண்டு விசயம் வைக்கப்போறன். ஒண்டு திதிப் பட்டியல், ஊரில ஆர் ஆருக்கு எந்த நாள் எண்டு ஒரு கொப்பியில எழுதிறது. மற்றது நாள் தெரியாத ஆக்களுக்கு ஒரு பொது நாள், அதை நாங்கள் முடிவெடுக்கேலாது, வயசான அம்மாமாரைக் கேட்டுத்தான். சித்தப்பாவிட்ட லண்டன் மியூசியக் கதை சொன்னனான், யோசிக்கிறன் எண்டிருக்கிறார். சருவச்சட்டி அம்மாவின்ர மகன் கனடாவில, அவர் இரவு வேலை முடிஞ்சு எழும்புற நேரம் பாத்து இண்டைக்கு எடுக்கிறன்.