வேகக் கமரா பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்துப் பலாலி வீதியில் எங்கட ஒழுங்கை வந்து ஏறும் இடத்தில் டிப்பரும் மினிபஸ்ஸும் பறக்கிற பறப்பைப் பார்த்தால் படலையைத் திறக்கவே பயமாக இருக்கிறது. போன கிழமை மருமகள் ரியூஷன் முடிந்து சைக்கிளைத் திருப்பும்போது ஒரு பஸ் ஹோர்ன் அடித்தபடியே உரசிக்கொண்டு போனது, பிள்ளை கானுக்குள் விழுந்து முழங்கை உரிஞ்சதோடு தப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு நானும் தம்பியும் மதகிலிருந்து 50 மீற்றர் அளந்து சோக்கால் கோடு போட்டு, ஃபோனில் நேரம் பார்த்தோம். 50 கிலோமீற்றர் வேகமென்றால் அந்தத் தூரத்துக்கு 3.6 செக்கன் எடுக்க வேண்டும், பல வாகனம் இரண்டரைக்குள் கடந்தது, அதாவது 70க்கும் மேலே!

கொழும்பில் 2024 ஜனவரியிலிருந்து கமராவில் பார்த்தே தண்டம் எழுதத் தொடங்கினார்கள். இங்கே பொலிஸ் நிற்கும் நேரம் மட்டும்தான் எல்லாரும் மெதுவாகப் போகிறார்கள், எதிரே வருகிறவன் லைட் அடித்துக் காட்டிவிடுவான் (அதில் மட்டும் நல்ல ஒற்றுமை).

கேள்வி இதுதான்: நிரந்தரமாகக் கமரா கேட்பதென்றால் மகஜரை யாருக்குக் கொடுப்பது, பொலிஸுக்கா, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கா, பிரதேச செயலகத்துக்கா? நாங்கள் எடுத்த வீடியோவை இணைத்தால் கணக்கில் எடுப்பார்களா? கமரா சரிவராவிட்டால் மஞ்சள் கடவையாவது வாங்கிய ஊர்க்காரர் இருந்தால், எழுதின கடிதத்தின் பிரதியை இன்பொக்ஸில் போடுங்கோ. வெள்ளிக்கிழமை சனசமூக நிலையத்தில் கூடுகிறோம், அதற்கு முன் கிடைத்தால் நல்லது.