லிக்டென்ஸ்டைன் போஸ்டர் எந்த அச்சு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வணக்கம் நண்பர்களே. பாப் ஆர்ட் (காமிக்ஸ், விளம்பரம் போன்றவற்றிலிருந்து பிறந்த ஓவியப் பாணி) கண்காட்சிப் போஸ்டர்கள் சேகரிப்பவர்கள் இங்கே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

அமெரிக்க ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைன் 1964-ல் மூன்று பகுதிகளாக வரைந்த 'ஆஸ் ஐ ஓப்பன்ட் ஃபயர்' ஓவியத்தின் மூன்று போஸ்டர் கொண்ட செட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மூல ஓவியம் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் மியூசியத்தில் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், மியூசியமே இந்தப் போஸ்டரைப் பல முறை மறுஅச்சு செய்து விற்றிருக்கிறது. விற்பவரோ 'அறுபதுகளின் முதல் அச்சு' என்கிறார். எல்லா விற்பனையாளரும் அப்படித்தானே சொல்வார்கள்!

பின்பக்கம் அச்சிட்டிருக்கும் வரிகளையும் தாளின் தடிமனையும் வைத்து அச்சுக்காலத்தைச் சொல்ல முடியுமா? முதல் அச்சு கையில் வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தைப் படமெடுத்துப் போட்டால் பெரிய உதவி.

லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லாதீர்கள். ஆஃப்செட்டா (நுண்புள்ளிகளால் ஆன இயந்திர அச்சு), ஸ்கிரீன் பிரிண்டா (வலைத்திரை வழியாக மையைத் தள்ளும் அச்சு) என்று அது காட்டிவிடும், சரி. ஆனால் இந்த செட்டின் எல்லா அச்சுமே ஆஃப்செட் என்பதால் காலம் தெரியாது. போதாக்குறைக்கு, படத்திலேயே லிக்டென்ஸ்டைன் வரைந்த புள்ளிகள் வேறு இருப்பதால் அச்சுப் புள்ளிகளோடு குழம்பும்.

அப்புறம் இன்னொன்று: ஒரு தாளின் ஓரத்தில் பென்சில் கையெழுத்து இருக்கிறது, எத்தனையாவது பிரதி என்ற எண் எதுவும் இல்லை. இதற்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா? எனக்கென்னவோ, வாங்கிய இடத்துக்கான ரசீதோ பழைய ஏல விவரமோ இல்லாத கையெழுத்தைக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது என்றுதான் தோன்றுகிறது. மாற்றுக்கருத்து இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

மூன்றும் அட்டையில் ஒட்டப்படாமல் தனித்தாளாகவே இருக்கின்றன. ஃபிரேம் பற்றிப் பிறகு கேட்கிறேன். முதலில் வாங்கலாமா என்று சொல்லுங்கள்.