மலையகத்தில் பெரிய பவளத் தொட்டிக்கு மாறுதல்: 120 லீற்றரிலிருந்து 450 லீற்றருக்கு

நுவரெலியாவிலிருந்து:

வீட்டில் பவளமும் மீனும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி பற்றித் தேடினால் கிடைக்கும் ஆலோசனையில் பாதி, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கு என்கிறது. கொழும்புக்கும் சென்னைக்கும் அது சரி. 1,868 மீற்றர் உயரத்தில், ஜனவரி விடியலில் புல் மேல் உறைபனி படியும் ஊரில் கதை நேர்மாறு. இங்கே பெரிய தொட்டிக்கு முதல் செலவு சூடாக்குவதற்குத்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி ஏறக்குறைய 450 லீற்றர். அறை 15 பாகை, தண்ணீர் 25.5 பாகை என்றால் கண்ணாடி வழியாகவும் மேற்பரப்பு ஆவியாவதாலும் சேர்ந்து சுமார் 300 வொட் வெளியே போய்க்கொண்டே இருக்கும். மோட்டர்களின் சூடு அதில் கொஞ்சத்தைத்தான் ஈடுகட்டும். இங்கே 100 லீற்றருக்கு 100 வொட் என்று பிடித்தால் தவறாது. 600 வொட் ஹீட்டர் ஒன்று வாங்க வேண்டாம். 300 வொட் இரண்டு வாங்குங்கள். ஹீட்டர் பெரும்பாலும் பழுதாவது அணையாமல் ஒட்டிக்கொண்டுதான். ஒரே பெரிய ஹீட்டர் ஒட்டிக்கொண்டால் காலையில் தொட்டி அவிந்து கிடக்கும். இரண்டில் ஒன்று ஒட்டிக்கொண்டால் தண்ணீர் மெல்லத்தான் ஏறும், கவனிக்க நேரம் கிடைக்கும்.

வெளியே தனி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று அவசியம். அதை 25.5இலும் ஹீட்டர்களின் சொந்தத் திருகை 26.5இலும் வையுங்கள். கருவி ஒட்டிக்கொண்டாலும் ஹீட்டர் தானே நிற்கும். ஹீட்டரைச் சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி), தண்ணீர் மட்டம் மாறாத அறையில் படுக்கவையுங்கள். தண்ணீரை மேல் தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் மோட்டர் இருக்கும் அறையில் வைத்தால், தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது ஹீட்டரின் தலை வெளியே தெரியும், கண்ணாடி வெடிக்கும்.

தொட்டியின் பின்புறம், இரு பக்கம், சம்ப்பின் நான்கு பக்கம், அடி எல்லாவற்றுக்கும் 25 மில்லிமீற்றர் ரெஜிஃபோம் ஒட்டினால் இரவில் ஹீட்டர் எரியும் நேரம் நன்றாகவே குறையும். அதோடு தொட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சூடான தண்ணீர் குளிர்ந்த அறையில் ஆவியாகி நேரே சுவரில் வியர்க்கும். பின்சுவரில் முதலில் மங்கலாக ஒரு ஈரத்திட்டு, பிறகு சுண்ணாம்பு பொருக்குவிடும், பிறகு கறுப்புப் பூஞ்சணம். ஸ்டாண்டின் வெல்டிங் மூட்டில் துரு தொடங்குவதும் அதே பக்கத்தில்தான். பொக்ஸ் பாரில் செய்வதென்றால் வெட்டு முனைகளை அடைத்து, எபொக்சி பெயின்ட் இரண்டு பூச்சாவது அடியுங்கள்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் 460 கிலோ, 12 மில்லிமீற்றர் கண்ணாடி 90 கிலோ, கல்லும் மணலும் 70, சம்ப்பும் ஸ்டாண்டும் 150க்கு மேல். ஆக 770 கிலோவுக்குக் குறையாது. சீமெந்துத் தரை என்றால் பயமில்லை. பழைய பங்களாக்களின் பலகைத் தரை என்றால், கீழே ஓடும் மரச் சட்டங்களுக்குக் குறுக்கே, சுவரோரமாக வைக்க வேண்டும். சட்டத்துக்கு இணையாக வைத்தால் முழுப் பாரமும் ஒன்றிரண்டு சட்டத்தில் இறங்கும். தொட்டி புதிதாக ஒட்டப்பட்டதென்றால் இந்தக் குளிரில் சிலிக்கன் காய்வதும் தாமதம். ஒரு வாரம் என்று சொன்னால் இரண்டு வாரம் விடுங்கள்.

ஹட்டனிலிருந்து:

அண்ணா சொன்ன ஹீட்டர் கணக்கு இங்கேயும் ஏறக்குறையப் பொருந்தும். நான் தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன், பலர் ஏமாறுவது அதில்தான்.

பீலித் தண்ணீரை டிடிஎஸ் மீற்றரில் பார்த்தால் 20, 30 என்று காட்டும். பார்த்தவுடன் ‘இதுவே ஆர்ஓ மாதிரி சுத்தம்’ என்று தோன்றும். மீற்றர் சொல்வது எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை மட்டும். என்ன கரைந்திருக்கிறது என்று அது சொல்லாது. தேயிலையில் கொப்புள நோய்க்கு அடிக்கும் மருந்துகளில் செம்பு சேர்ந்தவை உண்டு. யூரியாவும் மழையோடு இறங்கும். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவு செம்பு, இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லப் போதும். அதனால் டிடிஎஸ் என்ன காட்டினாலும் ஆர்ஓவும் (அழுத்தத்தில் மெம்பிரேன் என்ற மென்சவ்வு வழியே வடிகட்டுவது), மிச்சம் கரைந்திருப்பதைப் பிடிக்கும் டிஐ ரெசினும் தாண்டித்தான் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டும். மீற்றர் 0 காட்ட வேண்டும்.

இங்கே ஆர்ஓ ஓடுவதில் மூன்று சிக்கல். முதலாவது அழுத்தம். மேட்டுத் தாங்கியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு 10 மீற்றர் உயரத்துக்கு 14 பிஎஸ்ஐதான் கிடைக்கும். மெம்பிரேனுக்கு 50க்கு மேல் வேண்டும். தாங்கி வீட்டுக்கு மேலே 35 மீற்றரில் இல்லையென்றால் பூஸ்டர் மோட்டர் போடுங்கள்.

இரண்டாவது குளிர். மெம்பிரேனின் பெட்டியில் எழுதியிருக்கும் அளவு 25 பாகைத் தண்ணீருக்கு. ஒவ்வொரு பாகை குறையவும் ஏறத்தாழ 3 வீதம் விளைச்சல் குறையும். 75 கலன் மெம்பிரேன் நாளுக்கு 280 லீற்றர் தர வேண்டியது, 15 பாகைத் தண்ணீரில் 200 தந்தால் அதிகம். அழுத்தமும் பாதி என்றால் 100. தொட்டியும் சம்ப்பும் நிரம்ப 480 லீற்றர் வேண்டும், அதனால் ஐந்து நாள் முன்பே பரல்களில் சேர்க்கத் தொடங்குங்கள்.

மூன்றாவது, ஊற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு. ஆர்ஓ மெம்பிரேன் வாயுவைத் தடுக்காது. அது நேரே டிஐ ரெசினுக்குப் போய் அதைத் தின்றுவிடும். புது ரெசின் இரண்டு வாரத்தில் நிறம் மாறுகிறது என்று குறைப்படுபவர்கள் கடைக்காரரைத் திட்ட வேண்டாம். ஆர்ஓ தண்ணீரைப் பரலில் பிடித்து, ஒரு நாள் குமிழி விடும் காற்றுக்கல் ஓடவிட்டு, அதன் பிறகு சின்ன மோட்டரால் ரெசின் வழியே அனுப்பினால் அது பல மடங்கு நாள் உழைக்கும்.

உப்பு: லீற்றருக்கு 37 கிராம் அளவில், 480 லீற்றருக்கு 18 கிலோ. தண்ணீரை முதலில் 24, 25 பாகைக்குச் சூடாக்கி, மோட்டர் ஓட, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கலந்து மிதவை அடர்த்திமானியால் பார்த்தால் குளிரே அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். உப்பு போதும் என்று நிறுத்திவிடுவீர்கள், தொட்டி சூடானதும் உப்பளவு ஆயிரத்தில் 35 பங்குக்குப் பதில் 32இல் நிற்கும். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீற்றரை 35 அளவுத் திரவத்தால் சரிபார்த்து, துளி விட்டு ஒரு நிமிடம் கழித்து வாசியுங்கள். உப்பு மூட்டையைத் திறந்தபடி மூடுபனிக் காலத்தில் வைக்காதீர்கள். ஈரம் இழுத்துக் கட்டியான உப்பில் கல்சியமும் கார்பனேற்றும் ஏற்கெனவே ஒன்றோடொன்று பிடித்துப் படிந்திருக்கும், கரைத்தால் பால் போல வெளுக்கும்.

கண்டியிலிருந்து:

கண்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு 600 வொட் வாங்கிவிட வேண்டாம். 500 மீற்றர் உயரத்தில் 450 லீற்றருக்கு 100 வொட் இரண்டு போதும். இங்கே மார்ச், ஏப்ரலில் பகல் 31 பாகை வரை போகும், அதற்குச் சம்ப்பின் மேல் கொம்பியூட்டர் காற்றாடி இரண்டை அதே வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியின் குளிர்விக்கும் பக்கத்தில் மாட்டினால் போதும்.

இன்னொன்று. திகன, மாத்தளைப் பக்கம் வெட்டும் டொலமைட் கல் மலிவு என்று தொட்டிக்குள் போடுகிறவர்கள் உண்டு. அது நெருக்கமான கல், நுண்துளை இல்லை. பக்டீரியா உள்ளே குடியிருக்க இடமில்லை, தொட்டியின் பி.எச்சில் அது கரைந்து கல்சியம் தரப்போவதும் இல்லை. கடலிலிருந்து பவளக்கல் உடைத்து எடுப்பதோ சட்டவிரோதம், அந்தப் பேச்சே வேண்டாம். நுண்துளையுள்ள உலர்ந்த கல் வாங்கி, பழைய தொட்டியின் கல்லோடு சேர்த்து அடுக்குங்கள்.

பண்டாரவளையிலிருந்து:

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இங்கே மரம் விழுந்து கரண்ட் போனால் பத்து மணி நேரம் வராத நாளும் உண்டு. தொட்டியை வடிவமைக்கும்போதே அதை நினைக்க வேண்டும்.

முதலில் சம்ப். 4க்கு 2 அடித் தொட்டியின் மேற்பரப்பில் ஒரு சென்டிமீற்றர் என்பது 7.4 லீற்றர். கரண்ட் நின்றதும் ரிட்டர்ன் குழாயின் வாய் வெளியே தெரியும்வரை தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சி இறங்கும். வாய் 5 சென்டிமீற்றர் ஆழத்தில் இருந்தால் 37 லீற்றர், குழாய்களில் இருப்பது தனி. சம்ப்பில் அவ்வளவு வெற்றிடம் இல்லையென்றால் தரை முழுக்கக் கடல். வாயை 2 சென்டிமீற்றருக்கு உயர்த்தி, 45 லீற்றர் வெற்றிடம் விட்டு, பத்து முறை சுவிட்சை நிறுத்திப் போட்டுப் பார்த்துச் சம்ப்பில் கோடு கீறுங்கள். ஒருவழி வால்வை நம்பாதீர்கள். அதில் நத்தை நுழையும், சுண்ணாம்பு படியும்.

அடுத்தது சூடு. காப்பு இல்லாத 450 லீற்றர் தொட்டி, நுவரெலியாக் குளிரில் மணிக்கு அரைப் பாகைக்குச் சற்று அதிகமாக இறங்கும். 120 லீற்றர் தொட்டி இதைவிட வேகமாக இறங்கும். தொட்டியைப் பெரிதாக்க இது ஒன்றே போதிய காரணம். பற்றரியில் ஹீட்டர் ஓட்ட முயல வேண்டாம். 12 வோல்ட் 100 ஆம்பியர் மணிப் பற்றரி, 300 வொட் ஹீட்டரை இரண்டு மணி நேரம்தான் தாங்கும். அதே பற்றரி 20 வொட் டிசி அலை மோட்டரை 30 மணி நேரம் ஓட்டும். உயிரைக் காப்பது அசைவுதான், ஒக்சிஜன் அதனால்தான் உள்ளே போகும். சூட்டுக்கு, தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள். ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் பத்தில் 60 பாகைத் தண்ணீர் நிரப்பி, நன்றாக மூடி, சம்ப்பிலும் தொட்டியிலும் மிதக்க விட்டால் ஒரு பாகைக்கு மேல் ஏறும். விறகடுப்பு இருக்கும் வீட்டில் இது கஷ்டமே இல்லை. கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் போத்தல் சுருங்கிப் பிளக்கும்.

இடி மழை மாதங்கள் ஏப்ரலும் ஒக்டோபரும். 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். வயர் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

வெலிமடையிலிருந்து:

யாரும் சொல்லாத ஒன்று, காற்று. நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். 25 பாகைக் கடல்நீர் கொழும்பில் லீற்றருக்கு 6.7 மில்லிகிராம் ஒக்சிஜன் பிடிக்கும், அங்கே 5.4தான் பிடிக்கும். எவ்வளவு காற்றுக்கல் போட்டாலும் இந்த உச்சியைத் தாண்டாது. விளக்கு அணைந்த பிறகு பவளமும் பாசியும்கூட ஒக்சிஜனை எடுக்கும். விடியற்காலை டார்ச் அடித்துப் பாருங்கள். மீன்கள் ரிட்டர்ன் வாய்க்கு அருகில் கூடி, செவுள் படபடக்க நின்றால் தொட்டி மூச்சுத் திணறுகிறது.

செய்ய வேண்டியது: காற்றுக் குமிழியால் அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் இரவும் பகலும் ஓட வேண்டும். ஓர் அலை மோட்டரின் முகம் மேற்பரப்பைக் குலுக்கும்படி மேலே திரும்பியிருக்க வேண்டும். சம்ப்பில் பாசி வளர்ப்பவர்கள் அதன் விளக்கை இரவில் எரியவிடுங்கள். மீன்களின் எண்ணிக்கையைக் கரையோரத்தில் வைப்பதைவிடக் கால்பங்கு குறையுங்கள். நைத்திரேற்று இறக்க வொட்கா ஊற்றும் முறை இருக்கிறதே, அதைப் பாதி அளவில் தொடங்குங்கள். பெருகும் பக்டீரியா முதலில் தின்பது ஒக்சிஜனை.

குளிருக்குச் சன்னல் எல்லாம் பூட்டினால் வீட்டில் கரியமில வாயு கூடி, பி.எச் 7.7க்கு இறங்கும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயைச் சன்னல் வழியே வெளியே விட்டால் ஏறும். ஆனால் இங்கே உருளைக்கிழங்குக்கும் மரக்கறிக்கும் மருந்தடிக்கும் நாட்களில் அந்தக் குழாயை உள்ளே இழுத்துவிடுங்கள். தேயிலை மலை அடுத்திருப்பவர்களுக்கும் இதுதான். அடிக்கும் மருந்து காற்றோடு வந்து, ஸ்கிம்மர் வழியாக நேரே தண்ணீரில் கலக்கும்.

நுவரெலியாவிலிருந்து மீண்டும்:

வெலிமடைத் தம்பி சொன்னது முழுக்கச் சரி. மாற்றும் நாளைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

புதுத் தொட்டி நல்ல தண்ணீரில் மூன்று நாள் கசிவு பார்த்து, உப்புத் தண்ணீரில் ஒரு வாரம் 25.5இல் ஓடியிருக்க வேண்டும். இரண்டு தொட்டியின் உப்பளவும் 1க்கு மேல் விலகக் கூடாது, காரத்தன்மையும் 1 டிகேஎச்சுக்கு (காரத்தன்மையின் அலகு) மேல் விலகக் கூடாது. பழையது 7.5, புது உப்பு 11 என்றால் கிளைப் பவளங்களின் நுனி ஒரு வாரத்தில் வெளுத்து எரியும். 8 அளவில் கலக்கும் உப்பைத் தேடுங்கள்.

மூடியுள்ள ரெஜிஃபோம் பெட்டி மூன்று, ஒவ்வொன்றிலும் 50 வொட் ஹீட்டரும் காற்றுக்கல்லும். முதலில் மணலைக் கிளறாமல் தெளிந்த தண்ணீரை உறிஞ்சிப் பெட்டிகளை நிரப்புங்கள். பிறகு பவளம், பிறகு கல், கடைசியில் மீன். கல் போன பிறகு மீனுக்கு ஒளிய இடமில்லை, வலை போட்டதும் வந்துவிடும். கல்லைக் காற்றில் வைக்காதீர்கள், துளைகளில் உள்ள கடற்பஞ்சு செத்து அமோனியாவாகும்.

பழைய மணலைக் கொண்டுபோகவே வேண்டாம். கிளறினால் கறுத்த படையும் அழுகிய முட்டை நாற்றமும் வரும். அது ஐதரசன் சல்பைட்டு, ஒரு பெட்டி மீனை முடித்துவிடும். மேல் மணலில் ஒரு கோப்பை மட்டும் எடுத்துப் புது மணலில் தூவுங்கள். முதல் ஏழு நாள் தினமும் அமோனியா பாருங்கள், தீனி பாதி போதும். விளக்கு பாதி வலுவில் தொடங்கி வாரத்துக்கு 5 வீதம் ஏற்றுங்கள், பவளங்கள் அதுவரை அடித்தட்டில் இருக்கட்டும்.

வெலிமடையிலிருந்து:

அண்ணா, மீன் கொண்டுவரும் பையையும் சொல்ல வேண்டும். கொழும்பில் இறுக்கி ஒக்சிஜன் அடைத்துக் கட்டிய பை நுவரெலியா வரும்போது ஏறக்குறைய கால்பங்கு விரியும். றம்பொடை வளைவுகளிலேயே அது பறை மாதிரி விறைத்திருக்கும், ரப்பர் பட்டை நழுவும், மூலை கசியும். கடையிலேயே பையை விரலால் அழுத்தினால் நன்றாக உள்ளே போகும் அளவுக்குத் தளர்த்திக் கட்டச் சொல்லுங்கள். இரட்டைப் பை, ரெஜிஃபோம் பெட்டி. வேனில் ஏசி போடாதீர்கள். வந்ததும் பையை மிதக்கவிட்டு, சூடு சமப்பட அரை மணி நேரம் கொடுத்துவிட்டுத் திறவுங்கள். பவுடர் ப்ளூ டேங் என்ற மீன் நம் கடலிலேயே கிடைப்பதால் எளிதாக விற்பார்கள். 4 அடித் தொட்டி அதற்குப் போதாது, வெண்புள்ளி நோய் முதலில் பிடிப்பதும் அதைத்தான். கோமாளி மீன் ஒரு சோடியோடு தொடங்கி, அடுத்ததற்கு ஒரு மாதம் விடுங்கள்.